டிக் போடாத ஒரு கட்டம்

சஜிதா என்னுடன் கடைசி ஆறு வருஷம் வேலை பார்த்தவள். போன மாதம் போனில் கூப்பிட்டாள். "சேச்சி, இனிமே கோடு நம்பரெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடும். டாக்டர் டைப் பண்ணினாப் போதும், நம்பர் தானா வந்துடும். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நாம முன்னாடி என்ன பண்ணினோம்னே தெரியல. நாலு பக்கம் எழுதித் தரணும், கேட்டோ" என்றாள்.

அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் நான் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான் எழுதினேன். இதை எழுத உட்கார்ந்தபோது கை தமிழுக்குப் போய்விட்டது. ஆரியசாலையில் மொத்த மிளகாய்க் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா ஒரு கடையில் எடை போடுகிறவர். எங்கள் தமிழ் வாசற்படியைத் தாண்டாத தமிழ். பரவாயில்லை, சஜிதா யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளட்டும்.

என் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால், என்ன காரணத்தால் இறந்தார் என்று டாக்டர் ஒரு சான்று எழுதுவார். அந்தச் சான்றைப் படித்து, நோய்களின் சர்வதேசப் பட்டியலில் இருந்து அதற்கு ஓர் எண் போட வேண்டும். அந்த எண்களெல்லாம் சேர்ந்துதான் மாநிலத்தின் கணக்காகவும் பிறகு தேசத்தின் கணக்காகவும் ஆகும். எந்த வியாதிக்கு மருந்து வாங்குவது, எங்கே ஆஸ்பத்திரி கட்டுவது என்று யாரோ எங்கோ முடிவெடுக்கும்போது அவர்கள் முன்னால் இருப்பது அந்தக் கணக்கு.

சான்றுகள் எங்களிடம் வந்து சேர ஐந்தாறு மாதம் ஆகும். ஆஸ்பத்திரியில் இருந்து பதிவாளரிடம், அங்கிருந்து மாவட்டத்துக்கு, பிறகு சணல் கயிற்றால் கட்டிய கட்டுகளாக எங்கள் அறைக்கு. அதனால் அந்த அறையில் எப்போதும் கடந்துபோன ஒரு காலம்தான் நடந்துகொண்டிருக்கும். வெளியே ஓணத்து வெயில் அடிக்கும். என் மேஜையில் யாரோ மாசி மாதத்துப் பனியில் இருமிக்கொண்டிருப்பார். வெளியே மழை கொட்டும். நான் கோடைகாலத்துச் சூட்டில், யாரோ ஒருவருடைய கடைசி மத்தியானத்தில் இருப்பேன். பழைய கட்டடம், உயரமான ஓட்டுக்கூரை, மெதுவாகச் சுற்றும் ஃபேன். சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்தெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் லேசாக அசையும். சாயங்காலம் சாலைக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடக்கும்போது, எதிரே வருகிற கூட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்து, இவரைக் காலையில் படித்தோமே என்று தோன்றும். பிறகுதான் நினைவு வரும், படித்தவர்கள் யாரும் எதிரே வர முடியாது என்று.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில வாரங்கள் ஒரு வகுப்பில் உட்கார்ந்தேன். செங்கல் கனத்தில் மூன்று புத்தகங்களைக் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள எட்டு வருஷம் ஆயிற்று. கற்றுக்கொடுத்தது புத்தகம் இல்லை, கோசி சார்.

கோசி சார் எங்கள் பிரிவின் மேலதிகாரி. ஒல்லியான மனிதர். காலையில் வந்ததும் ஈரத்துணியால் தன் மேஜையைத் தானே துடைப்பார். பியூன் துடைத்திருந்தாலும் துடைப்பார். சான்று கிடக்கும் மேஜையில் டீ கிளாஸ் வைக்க யாரையும் விடமாட்டார். 'கேஸ்' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. "பார்வதி, இன்னைக்கு எத்தனை ஆளு?" என்றுதான் கேட்பார். ஒரு சான்றைக் கையில் எடுத்தால் முதலில் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லுவார். ஜபம் மாதிரி இருக்காது. வகுப்பில் டீச்சர் ஆஜர் எடுப்பது மாதிரி இருக்கும். பெயருக்கு அப்புறம் வயது, அப்புறம் தொழில். அதன் பிறகுதான் வியாதி.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு சான்றை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்து, "இதயம் நின்னுடுச்சு சார்" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தானே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். சான்றில் மூன்று வரிகள் உண்டு. ஏ, பி, சி. கடைசியில் என்ன நடந்தது என்பது ஏ வரி. அது எதனால் நடந்தது என்பது பி வரி. அதுவும் எதனால் என்பது சி வரி.

"நீ மேலே இருந்து வாசிக்கிறே. மேலே இருக்கிறது ஆளு எப்படிப் போய்ச் சேர்ந்தாருங்கறது. நமக்கு வேண்டியது எங்கேருந்து புறப்பட்டாருங்கறது. அதனால கீழே இருந்து வாசிக்கணும்."

அன்றிலிருந்து நான் கீழே இருந்துதான் படித்தேன். மஞ்சள் காமாலையில் போனவரின் கீழே சாராயம் இருக்கும். சிறுநீரகம் கெட்டவரின் கீழே இருபது வருஷத்துச் சர்க்கரை இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் நிமோனியா வந்து போன ஒரு பாட்டாவின் கீழே, குளியலறையில் ஈரத்தரை இருக்கும். எண் விழுவது ஈரத்தரைக்குத்தான். நிமோனியாவுக்கு இல்லை. இதெல்லாம் பழகியபோது எனக்கு உலகமே கொஞ்சம் மெதுவாகிவிட்டது. யாராவது திடீரென்று செத்துப்போனார் என்று சொன்னால் மனசு நம்பாது. திடீரென்று என்று ஒன்று கிடையாது என்று தோன்றும்.

எழுதாமல் விட்ட இடம் இருந்தால் கோசி சார் அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். அது எழுதிய டாக்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போக வேண்டும் என்பதற்கு அடையாளம்.

அப்பா இறந்து அரை வருஷம் கழித்து ஒரு நாள், கட்டைப் பிரித்துப் பாதி வரை வந்தபோது அப்பாவின் பெயர் வந்தது. வரும் என்று தெரியும். ஆனாலும் தயாராக இருக்கவில்லை. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று தெரியவில்லை. சார் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். "மாணிக்கம்" என்று அவர் மெல்லச் சொன்னது கேட்டது. வயதைச் சொன்னார். 'எடைக்காரர்' என்று தொழிலைச் சொன்னார். பிறகு தலை தூக்காமல், "அப்பாவுக்குப் பிரஷர் எத்தனை வருஷமா, பார்வதி?" என்றார். "பதினாலு, சார்" என்றேன். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் எனக்குக் கிடைத்த ஆறுதலைப் பதினாறாம் நாள் வந்த உறவுக்காரர் யாரும் தரவில்லை.

இப்போது சொல்லப்போவது அதற்கு மூன்று வருஷம் பிறகு நடந்தது. ஆட்களின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஜூன் மாதத்து மழையில் வந்த கட்டு அது. அதில் ஒரு சான்று. முத்துச்செல்வி, வயது இருபத்து நான்கு, முகவரி ஆரியசாலை. எங்கள் வீட்டில் இருந்து மூன்று சந்து தள்ளி. ஏ வரியில் இதயம் நின்றது என்று இருந்தது. பி வரியில் இதய நோய். சி வரி காலி. ஒரு சின்ன தனியார் நர்ஸிங் ஹோமில் எழுதியது. அடியில் பெண்களுக்கு மட்டுமான ஒரு கேள்வி உண்டு: இந்த மரணத்துக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தம் உண்டா, பிரசவம் நடந்ததா? பக்கத்தில் ஆம், இல்லை என்று கட்டங்கள். எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை.

இதய நோய்க்கு எண் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கலாம். நூற்றுக்கணக்கில் அப்படிப் போயிருக்கிறோம். இருபத்து நான்கு என்ற வயதில் என் கண் நின்றுவிட்டது. சாரிடம் கொண்டுபோனேன். அவர் பெயரைச் சொன்னார். அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம் போட்டார். கடிதம் போயிற்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கொண்டுவந்து கால்மணி நேரத்தில் இறந்துவிட்டார், வேறு விவரம் இல்லை.

"அப்போ இல்லைன்னு எடுத்துக்கலாமா சார்?"

"காலின்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை, பார்வதி. யாரும் கேட்கல்லேன்னு அர்த்தம்." முகவரியின்மேல் பென்சில் முனையை வைத்தார். "ஆரியசாலை. நீ அந்த வழியாத்தானே வீட்டுக்குப் போறே?"

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பிரசவம் ஆகி நாற்பத்திரண்டு நாளுக்குள், அதனால் உண்டான கோளாறில் ஒரு பெண் இறந்தால் அது தாய் மரணம். அதற்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கு குறைவாக இருப்பது எங்கள் மாநிலத்துக்குப் பெருமை. பெருமை நியாயமானதுதான். அதனாலேயே அதில் ஓர் ஆள் விட்டுப்போகக் கூடாது என்பது சாரின் கட்சி.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். மழை விட்டு, சந்தெல்லாம் நனைந்த சாக்கும் வற்றல் மிளகாயும் கலந்த வாசனை. ஒற்றை அறை வீடு. வாசலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். முத்துச்செல்வியின் மாமியார். பொன்னுத்தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"யாரு, வார்டு ஆபீஸா?" என்றாள்.

"இல்லம்மா. பிறப்பு இறப்பு கணக்கெடுக்கிற ஆபீஸ். மிளகாய்க் கடையில எடை போட்ட மாணிக்கத்தோட மக."

"மாணிக்கம் அண்ணாச்சி மவளா? உள்ள வா தாயி."

உள்ளே போனதும் நான் கேட்க வந்த கேள்விக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. உத்தரத்தில் இருந்து சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டு இருந்தது. அதன் விளிம்பில் ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஆறேழு மாதக் குழந்தையின் கால்.

மகன் இசக்கி, செல்வியின் கணவன், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டு இருந்தான். கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். செல்வியைப் பற்றி என்றதும் செருப்பைப் போடாமல் அப்படியே நின்றான்.

"செல்விக்கு முன்னாடியே நெஞ்சு வலி ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

மாமியார்தான் பதில் சொன்னாள். "எங்ககிட்ட மறைச்சுட்டாவ தாயி. நெஞ்சுல சீக்கு இருக்க பிள்ளைய எங்க தலையில கட்டி வச்சுட்டாவ. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காருல்லா, இதய நோய்னு. பதினாறாம் நாள் அவ அம்மையும் அப்பனும் பிள்ளைக்குக் கொலுசு வாங்கிட்டு வந்தாவ. நான் கதவைத் திறக்கல. தெருமுனையில ரொம்ப நேரம் நின்னுட்டுப் போயிட்டாவ."

"பணகுடிக்காரங்க" என்றான் இசக்கி. "இப்பவும் ஹோட்டலுக்குப் போன் பண்ணுவாங்க. நான் எடுக்க மாட்டேன்."

"இந்தப் பிள்ளைக்கும் அதே நெஞ்சுதானேன்னு பயந்து பயந்து தூக்குதேன்" என்றாள் பொன்னுத்தாய். "மூணு டாக்டர்ட்ட காட்டியாச்சு. ஒண்ணும் இல்லங்காவ. ஆத்தாளுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான இருந்துச்சு."

தொட்டில் மெல்ல அசைந்தது. நான் நோட்டை எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். பிரசவம் பணகுடியில் அம்மா வீட்டில் இருந்தபோது, அங்கே ஆஸ்பத்திரியில். சுகப்பிரசவம் இல்லை, ஆபரேஷன். மூன்று மாதம் அங்கேயே இருப்பதாகத்தான் பேச்சு. ஆனால் பொன்னுத்தாய்க்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆக்கிப் போட ஆள் இல்லை. செல்வி கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"எத்தனாம் நாள் வந்தா?"

"முப்பதுக்கு அப்புறம்."

"பிள்ளை என்னைக்குப் பிறந்தா?"

"பெரிய கார்த்திகை அன்னைக்கு. அங்க விளக்கு ஏத்திட்டு இருக்கும்போதுதான் இங்க தகவல் வந்துச்சு."

"செல்வி இறந்தது?"

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்தி" என்றான் இசக்கி.

சுவரில் போன வருஷத்துக் காலண்டரையும் எடுக்காமல் வைத்திருந்தார்கள். நான் எழுந்து போய்க் கார்த்திகையில் விரலை வைத்து எண்ணினேன். மார்கழி முழுக்க விரல் ஊர்ந்து போயிற்று. இன்னொரு காலண்டருக்குத் தாண்டியது. முப்பத்தாறில் நின்றது. குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பிறந்த தேதியையும் சரிபார்த்துக்கொண்டேன். முப்பத்தாறுதான்.

"கடைசி நாட்கள்ல உடம்புக்கு என்ன செஞ்சுது?"

"காலு வீங்கிச்சு" என்றாள் பொன்னுத்தாய்.

"ரெண்டு காலுமா?"

"இல்ல, இடது காலு மட்டும். பஸ்ஸுல தொங்கப்போட்டு உக்காந்து வந்ததுன்னு நெனச்சோம். கண்டைச்சதை கல்லு மாதிரி இருந்துச்சு. தொட்டாலே வலின்னா. நான்தான் விளக்கெண்ணெயச் சூடு பண்ணி, முழங்காலு வரைக்கும் நல்லா அழுத்தி நீவி விட்டேன். ரெண்டு நாள் சாயங்காலம். மறுநாள் காலையில தண்ணிக் குடத்துக்கிட்ட போனவ, 'அத்தை, மூச்சு முட்டுது'ன்னு உக்காந்தா. அவ்வளவுதான் தாயி."

அவள் அதைச் சொல்லும்போது கைகள் தானாகவே நீவிக் காட்டின. முழங்காலில் இருந்து கணுக்காலுக்கு இல்லை. கணுக்காலில் இருந்து மேலே.

என் பேனா நின்றுவிட்டது. இருபது வருஷம் கீழே இருந்து படித்த எனக்கு அந்தச் சங்கிலி முழுவதும் கண் முன்னால் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்கு ஏறினால் மூச்சு முட்டும். நெஞ்சில் நோய் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. அப்படிக் கட்டிய காலை அழுத்தி நீவக் கூடாது.

நான் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன். தொட்டிலில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகிற வழி தெரியாமல் சாலைக் கடைத்தெருவின் மறுமுனை வரைக்கும் போய்விட்டேன். கூட்டம் என் இருபக்கமும் நீரோட்டம் மாதிரி விலகிப் போயிற்று.

திங்கட்கிழமை சாரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொன்றாக எழுதி அம்புக்குறி போட்டார். பிரசவம், ரத்தக்கட்டி, நுரையீரல். பிறகு பஸ் பயணம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எண்ணெய் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை அந்த அம்மாகிட்டே சொன்னியா?"

"இல்ல சார்."

"அவங்களுக்குத் தோணியிருக்குமா?"

"இப்போதைக்கு இல்ல. செல்விக்கு இதய நோய்னு நம்புறாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணெய் நிஜம். பஸ்ஸும் நிஜம். அந்த அம்மாவோட கண் ஆபரேஷனும் நிஜம். ஆனா நம்ம ஃபார்ம் பிரசவத்துல நிக்கும். அதோட நிக்கணும்னு ரூல். ஏன் அங்கே நிறுத்தினாங்கன்னு நான் பல நாள் யோசிச்சிருக்கேன். நிறுத்தல்லேன்னா, யாரோட தப்புன்னு தேடுறதை மனுஷங்க எங்கேயும் நிறுத்த மாட்டாங்க."

சான்றுக்கு உரிய எண்ணை நாங்களாக மாற்ற முடியாது. சான்றை எழுதிய டாக்டர்தான் திருத்தித் தர வேண்டும். நர்ஸிங் ஹோமுக்கு நானே போனேன். டாக்டர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். முதலில் எரிச்சலாகத்தான் பேசினார். தடுப்பூசி அட்டையின் நகலை மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"குழந்தை இருந்துதா?"

"முப்பத்தாறு நாள் குழந்தை, டாக்டர்."

"கூட வந்த பையன் நெஞ்சு, நெஞ்சுன்னே சொல்லிட்டு இருந்தான். எனக்கு இருந்தது கால்மணி நேரம்." நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரசவம் ஆச்சான்னு நான் கேட்கல்லே. கேட்டிருக்கணும்."

வீக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய் நீவியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திருத்தம் எழுதினார். ஏ வரியில் நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டி. பி வரியில் இடது கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியது. சி வரியில் பிரசவத்துக்குப் பின் முப்பத்தாறாம் நாள். 'இருக்கலாம்' என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். பிரேதப் பரிசோதனை செய்யாததால் அப்படித்தான் எழுத முடியும். எண் போடும்போது அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் ஒரு ரூல். எண்ணெயை அவர் எங்கும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அந்தப் பையனை என்னை வந்து பார்க்கச் சொல்ல முடியுமா? அவனுக்கு நானே சொல்லணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்னத் தடை இருந்தது. அந்த வருஷத்து முதல் மூன்று மாதத்தின் அட்டவணை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. மேலே இருந்த ஓர் அதிகாரி போனில் கேட்டார், இப்போது திறந்து தாய் மரணத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டுமா என்று. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வேலையை முடித்துவிட்டவருடைய அலுப்பு. சார் நின்றுகொண்டேதான் பேசினார்.

"நான் கூட்டல்லே சார். ஆளு ஜனவரியிலேயே மரிச்சாச்சு. தப்பான வரியில இருக்கா. சரியான வரிக்கு மாத்துறேன், அவ்வளவுதான்."

அந்த அதிகாரி சரி என்றார். அட்டவணை திறந்தது. ஓர் இடத்தில் ஒன்று குறைந்தது, இன்னோர் இடத்தில் ஒன்று கூடியது. அந்தப் பக்கத்தைப் பிறகு அச்சில் பார்த்தபோது அந்த எண்ணுக்குள் ஒரு சேலைத் தொட்டில் அசைவது எனக்கு மட்டும் தெரிந்தது.

இசக்கி டாக்டரைப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "செல்விக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம்க்கா" என்றான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்து முனையில் பொன்னுத்தாய் குழந்தையையும் ஒரு துணிப்பையையும் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். குழந்தைக்குப் புதுச் சட்டை. பணகுடிக்குப் போகிறாளாம். மகனுக்கு லீவு இல்லை. கண் ஆபரேஷன் ஆனவள் தனியாகக் குழந்தையோடு பஸ் ஏறுவதா என்று நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் ஏறாத காலை. அறிவிப்புகள் எங்கோ தூரத்தில் இருந்து வருவதுபோல் இருந்தன. குழந்தை என் கைவிரலைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"டாக்டர், ரத்தம் கட்டி மேல ஏறிட்டுன்னு சொன்னாராம்" என்றாள் பொன்னுத்தாய்.

"ஆமாம்மா."

"காலுல இருந்து."

"ஆமா."

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "நான் நீவி விட்டதாலயா தாயி?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்கு எத்தனையோ பதில்களை மனசில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்து அது முடியவில்லை.

"இருக்கலாம்மா" என்றேன். "நீவாம இருந்திருந்தாலும் ஏறியிருக்கலாம். நடந்தாலே ஏறும், இருமினாலே ஏறும். எதனால ஏறுச்சுன்னு டாக்டராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. நீங்க வலிக்குதேன்னு நீவினீங்க."

"காயிதத்துல அது எழுதியிருக்கா?"

"இல்ல. அதுக்குக் காகிதத்துல இடம் கிடையாது."

அவள் விரித்த கைகளை மடக்கிக்கொண்டாள். அழவில்லை. பஸ் வந்தது. பையை உள்ளே போட்டுவிட்டுப் படியில் ஏறினாள். நான் குழந்தையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவ ஆத்தாகிட்ட நானே சொல்லிருதேன். கதவை அடைச்சது நான்தான. இதையும் நான்தான் சொல்லணும்."

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டு இருந்தேன். தடுத்திருக்க வேண்டுமோ என்று இருந்தது. ஃபார்மில் இடம் இல்லாத ஒன்றை அவள் தானே சுமந்துகொண்டு போகிறாள். மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த சான்றை மேஜையில் வைத்தார். பிறகு, "நீ உண்மையைத்தான் சொன்னே" என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோசி சார் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இனிக் கேட்கவும் முடியாது.

பத்து நாள் கழித்து அலுவலகம் விட்டு வரும்போது அந்தச் சந்தில் நுழைந்தேன். வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேறொரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் காலில் கொலுசு இருந்தது. அவளுக்கும் குழந்தைக்கும் ஒரே நெற்றி. பார்த்ததும் தெரிந்தது, செல்வியின் அம்மா. பொன்னுத்தாய் உள்ளிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சொல்லிட்டேன் தாயி" என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. அந்த அம்மாளின் முன்னாலேயே சொன்னாள். "ரெண்டு நாள் என் மூஞ்சியில முழிக்கல. நான் அங்கன தொழுவத்துக்கிட்டயே உக்காந்திருந்தேன். மூணாம் நாள் எனக்கும் சேத்து உலை வச்சா."

செல்வியின் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பசியோட எத்தனை நாளைக்கு உக்காத்தி வைக்க முடியும்" என்றாள்.